பீச்சில் அவன் காத்திருக்கட்டும்

“ஹலோ... ஆங், சொல்லுளா... கேக்குது, கேக்குது, நீதான் பேச மாட்டேங்க... எங்க போற?... பீச்சுக்கா? இந்த வெயில்லயா? என்ன, கருவாடு காயப் போடப் போறியா?... யாரப் பாக்க?... ஏளா, திரும்பச் சொல்லு. யாரப் பாக்க?”

ஜெபிஷாவின் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. அதை மெல்ல டிபன் பாக்ஸிலேயே திரும்ப வைத்தாள். நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரி மாடியில், இன்னும் இரண்டு வக்கீல்களோடு பங்குபோட்டுக்கொண்ட அறை அது. அவர்கள் சாப்பிடக் கீழே இறங்கியிருந்தார்கள். மீன் குழம்பு வாசனையும் அவளும்தான் அறையில்.

“நேசக்குமாரையா... சரி... சரி... இரு. வண்டில போயிக்கிட்டேவா பேசுத?... காதுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவுல போனச் சொருகிருக்கியா? அப்ப நீ பீச்சு வரைக்கும் போக வேண்டாம், வழியிலயே ட்ரெய்லர்க்காரன் சோலிய முடிச்சிருவான்... ஓரமா நிறுத்து... நிறுத்திட்டியா?... சத்தியமா?... சாவிய எடுத்துக் கையில வச்சுக்கோ... ஆங். எங்க நிக்க?... உப்புக் கோடவுன் பக்கமா. அங்கன மரம் ஒண்ணு நிக்கும்லா, அது நிழலுக்குப் போ. பொறவு பேசலாம்.”

அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் இரைந்துகொண்டு போயின. அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு விம்மலும் கேட்டது.

முருகேஸ்வரியும் ஜெபிஷாவும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஜெபிஷா நாசரேத்து, முருகேஸ்வரி உடன்குடி. ஒருத்தி வக்கீலானாள், மற்றவள் துறைமுகத்துக்குப் போகும் சரக்குகளுக்குக் காகிதம் தயார்பண்ணும் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதே கட்டடத்தில் இன்னொரு கம்பெனியில் இருந்தவன் நேசக்குமார். இருவரும் விரும்பினார்கள், கல்யாணப் பேச்சுகூட நடந்தது. பிறகு அவன் அவளுடைய போனின் பூட்டு நம்பரைக் கேட்டான். கொடுத்தாள். எந்நேரமும் அவள் எங்கே இருக்கிறாள் என்று தன் போனில் தெரியவேண்டும் என்றான். அதற்கும் சரி என்றாள். ஆபீஸில் யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று கேட்டபோதுதான், போதும் என்று விலகினாள்.

அதற்கப்புறம் இன்ஸ்டாகிராமில் அவள் பெயரில், அவள் போன் நம்பரோடு ஒரு கணக்கு முளைத்தது. அவள் எழுதாத வார்த்தைகள் அதில் இருந்தன. யாருடைய உடம்பிலோ அவள் முகம் ஒட்டியிருந்தது. முன்பின் தெரியாத ஆண்கள் கூப்பிட்டு வாய்கூசாமல் பேசினார்கள். செய்வது யார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவன்தான் என்று காட்ட ஒரு துரும்பும் இல்லை. புகார் கொடு, புகார் கொடு என்று ஜெபிஷா மாதக்கணக்கில் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் முருகேஸ்வரி பேச்சை மாற்றிவிடுவாள்.

“என்னன்னு கூப்பிட்டான்?... உம்... உம்... நீ நேர்ல வந்தா உன் கண்ணு முன்னாலயே எல்லாத்தையும் அழிச்சிருவானா. என்ன நல்ல மனசு! போற வழியில ஒரு மால வாங்கிக்கோ, கழுத்துல போட்டுட்டு வந்துரு... நான் எங்களா சிரிச்சேன்? அழுதுக்கிட்டுதான் பேசுதேன்... மெசேஜ் போட்டுக் கூப்பிட்டானா, பேசினானா?... வாட்சப் கால்தானா. இப்படிக் கூப்பிடுதத மட்டும் எழுத்துல வைக்க மாட்டான். எங்க ஊர்க்காரன்லா, படிச்ச பய... என்ன? உன் போனையும் கொண்டு வரணுமா? எதுக்கு?”

முருகேஸ்வரி சொல்லச் சொல்ல ஜெபிஷா கையைக்கூடக் கழுவாமல் எழுந்துவிட்டாள்.

“நீ உன் பக்கத்துல இருக்கத அழிக்கணும், அவன் அவன் பக்கத்துல இருக்கத அழிப்பான். என்ன ஒரு நியாயம்!... இரு. நீ இன்னும் ஒண்ணும் அழிக்கலையே?... அழிச்சிட்டியா? எது வரைக்கும்?... அவன் திட்டி அனுப்பினதெல்லாம் போச்சா?... கோட்டிக்காரி... சரி, சரி, அழாத. போனது போகட்டும். இனிமே ஒரு எழுத்தத் தொடாத. அவன் நம்பரயும் அழிக்காத, போனையும் மாத்தாத. அந்தக் கள்ளக் கணக்கு இன்னும் இருக்கா?... இருக்குல்லா. அது போதும்... ஏளா, இத யோசி. இவ்வளவு நாளும் ஆடினவன் இன்னைக்கு ஏன் அழிப்போம் வா-ங்கான்? பயம் வந்துருக்கு அவனுக்கு... எதுக்குப் பயமா? அதுதான் எனக்கும் தெரியல.”

மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அழ ஆரம்பித்தால் முருகேஸ்வரியின் காதில் எதுவும் ஏறாது. சிரிக்க வைக்கவேண்டும், இல்லையென்றால் கோபப்படுத்தவேண்டும். விடுதியில் இருந்த காலத்திலேயே ஜெபிஷா கண்டுபிடித்த வைத்தியம் அது.

“என்ன? நோட்டீஸா?... ஓ, வக்கீல் நோட்டீஸ் மட்டும் போதுமாக்கும். அனுப்பிருவோமே. ‘அன்புள்ள நேசக்குமாருக்கு, உங்க மேல கேசு போடலாம்னு இருக்கோம், அதுக்குள்ள எல்லாத்தையும் கழுவித் தொடச்சு வைங்க’ன்னு எழுதிருவோம். வெத்தல பாக்கும் வச்சு அனுப்பணுமா?... கோவம் வருதா? வரட்டும், நல்லது... நோட்டீஸ் தப்பில்லளா. இவகிட்டப் பேசக் கூடாது, இவளப் பத்தி ஒண்ணும் போடக் கூடாதுன்னு கோர்ட்டுல தடையும் கேக்கலாம். ஆனா அதெல்லாம் ரெண்டாம் பந்தி. மொதப் பந்தியில போலீசு ஒக்காரட்டும்.”

கையைக் கழுவிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிப் பேசினாள். சற்றுமுன் எதற்காகத் தோழியைத் திட்டினாளோ அதையே தானும் செய்கிறாள் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

“இன்ஸ்டாகிராம்ல ரிப்போர்ட் அடிச்சியா?... அடிச்சும் போகலையா. சும்மா பட்டன அமுக்கினா போகாதுளா. அவனுவ குறைதீர்ப்பு அதிகாரின்னு ஒருத்தர வச்சிருக்கணும். அவருக்கு முறையா எழுதணும், என் பேருல வேற ஆளு உக்காந்திருக்கான், என் மூஞ்சிய ஒட்டிப் போட்டுருக்கான்னு. எழுதிட்டா, ஒரு நாளுகூட அத வச்சிருக்கக் கூடாதுன்னு விதி... எழுதுவோம், எழுதுவோம். அதுக்கு முன்னால எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடு. கணக்கோட பேரு, லிங்க், தேதி எல்லாம் தெரியணும்... ஆமா, பாக்கச் சகிக்காதுதான். ஒரு கண்ண மூடிக்கிட்டு எடு. யாருக்கும் அனுப்பாத, எனக்கும்கூட அனுப்பாத. உன் போன்லயே இருக்கட்டும்.”

மறுபடி ஒரு லாரி போனது.

“போலீசுன்ன உடனே தொண்ட அடைச்சிருச்சோ... ஒரு எழுத்து தப்புன்னு கன்டெய்னரயே நிறுத்தி வச்சவதானே நீ? கஸ்டம்ஸ்காரங்களே உன்னக் கண்டா ஒதுங்கிப் போறாங்கன்னு பெரும பேசுனியே, அதெல்லாம் யாரு?... எந்த ஸ்டேஷன்ல வேணும்னாலும் குடுக்கலாம். எங்க எல்ல இல்லன்னு ஒருத்தரும் திருப்பி அனுப்பக் கூடாது. நெட்டுல அரசாங்கத்துக்கு ஒரு தளம் இருக்கு, அதுலயும் போடலாம், வீட்டுல உக்காந்துக்கிட்டே. ஆனா நீ இப்ப ரோட்டுல நிக்க, அவன் பீச்சுல நிக்கான். அதனால மகளிர் ஸ்டேஷனுக்கே போவோம். பொம்பள அதிகாரிதான் எழுதணும், சட்டத்துலயே இருக்கு... என்ன கேசா? விடாம தொரத்தித் தொந்தரவு பண்ணுததுக்கு ஒரு பிரிவு, நெட்டுல பண்ணினாலும் அதேதான். உன் பேருல வேசம் கட்டினதுக்குத் தனி. அசிங்கமாப் போட்டதுக்குத் தனி. மிரட்டுததுக்குத் தனி. சந்தையில மீனக் கூறு வச்ச மாதிரி அடுக்கலாம்... அவன்தான்னு எப்படிக் காட்டவா? அது உன் வேலையில்ல. எந்த போன்லருந்து அந்தக் கணக்கத் தொறந்தான்னு கம்பெனிக்காரன்ட்டப் போலீசு கேட்டு வாங்கும். நாளாகும். ஆனா வரும்.”

ஜெபிஷா கையைத் துடைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தாள்.

“முருகு?... லைன்ல இருக்கியா?... என்ன?... சொல்லு. மெதுவாச் சொன்னாலும் கேக்கும்... எந்தப் படம்?... ஒட்டினது இல்லியா?...”

ஜெபிஷா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“...நீயே அனுப்பினதா.”

இத்தனை மாதமாகப் பேச்சை மாற்றி மாற்றி அவள் மறைத்தது இதைத்தானா? பக்கத்து மேசையில் காகிதங்கள் விசிறிக் காற்றில் படபடத்தன. ஜெபிஷா அடுத்துப் பேசியபோது குரலில் கேலி இல்லை.

“சரி... சரி, முருகு. மூச்சு விடு... இல்ல. நான் ஒண்ணும் நெனைக்கல... இல்லன்னு சொல்லுதேம்லா... ஒருத்தன நம்பி ஒரு படம் அனுப்பினா, அது அவனுக்கு அனுப்பினது. ஊருக்கு அனுப்பினதில்ல. இது உன்னத் தேத்துததுக்காகச் சொல்லல, கேட்டுக்கோ. சட்டமே அப்படித்தான் சொல்லுது. படம் எடுக்கச் சம்மதிச்சவ, அடுத்தவனுக்குக் காட்டவும் சம்மதிச்சவளா ஆக மாட்டா. காட்டுதவன்தான் குத்தவாளி... ஆமா... ஆமா, எழுதியே இருக்கு. வேணும்னா வாசிச்சுக் காட்டுதேன்... நீ கெட்டவ இல்லளா. நீ நம்பினவ... யாருக்கு அனுப்புவேங்கான்?... அண்ணனுக்கா.”

உடன்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்பவர் செந்தூர்பாண்டி. அப்பா போனபிறகு தங்கையைப் படிக்க வைத்தவர் அவர்தான். வேற மதத்துப் பையனா என்று சொந்தக்காரர்கள் குதித்தபோது, தங்கை பார்த்தால் சரியாகத்தான் பார்த்திருப்பாள் என்று அத்தனை பேர் வாயையும் அடைத்தவரும் அவர்தான். அந்த அண்ணன் முகத்தில் இனி விழிக்க முடியாது என்கிற பயம்தான் முருகேஸ்வரியை வண்டியில் ஏற்றிப் பீச்சுக்கு விரட்டியிருக்கிறது.

“நான் ஒண்ணு சொல்லுதேன், உடனே கத்தாத. அண்ணன்ட்ட நீயே சொல்லிரு... இப்பவே... கத்தாதன்னு சொன்னேம்லா... அவன் கையில இருக்கது ஒரே ஒரு கத்திதான். அண்ணனுக்குத் தெரியாதுங்குத கத்தி. நீயே சொல்லிட்டா, அடுத்த தடவ எதக் காட்டி உன்னக் கூப்பிடுவான்?... வெவரமெல்லாம் வேண்டாம்ளா. நம்பி ஒரு படம் அனுப்பினேன், இப்ப அத வச்சு மிரட்டுதான், புகார் குடுக்கப் போறேன். அவ்வளவுதான்... அடிப்பாரா? போன் வழியா எப்படிளா அடிப்பாரு? அதுக்கு இன்னும் ஒருத்தனும் ‘ஆப்’ கண்டுபிடிக்கல... நான் லைன்லயே கிடக்கேன். என்னய நிறுத்தி வச்சிட்டுப் பேசு. பேசிட்டு எங்கிட்ட வா... சாவி கையில இருக்குல்லா? இருக்கட்டும். போ.”

காத்திருக்கச் சொல்லும் பதிவுக் குரல் திரும்பத் திரும்ப ஒலித்தது. ஜெபிஷா டிபன் பாக்ஸை மூடினாள். கறுப்புக் கோட்டைப் பைக்குள் திணித்தாள். தண்ணீர் குடிக்கப் போனவள் குடிக்காமலே திரும்பினாள்.

வீட்டில் சொன்னபிறகு என்னவெல்லாம் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். வேலையை விடச் சொல்லி ஊருக்குக் கூட்டிப்போய் அடைத்துவைத்த பெண்களின் வழக்குகளை அவளே நடத்தியிருக்கிறாள். செந்தூர்பாண்டியை அவள் பார்த்ததே விடுதி வாசலில்தான், கருப்பட்டிப் பெட்டியோடு வந்து நிற்கும்போது. அந்த முகத்தை நம்பித் தோழியைத் தள்ளிவிட்டோமோ? அறையைப் பூட்டினாள். பூட்டியதா என்று இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

மாடிப்படியில் பாதி இறங்கியபோது பதிவுக் குரல் நின்றது.

“ஹலோ... ஹலோ, முருகு?... என்ன சொன்னாரு?... ஏளா, சிரிக்கியா அழுதியா, ஒண்ணும் வெளங்கல... என்னது? தெரியுமா? யாருக்கு, அண்ணனுக்கா?... எப்பருந்து?”

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“ஏற்கனவே அனுப்பிட்டானா... உம்... பாத்த உடனே கண்ண மூடிட்டாரா... பொறவு?... அழிக்கத் தெரியலையா! ஐயோ, யார்ட்டயும் கேக்கவும் முடியாதுல்லா, கேட்டா அவங்க பாத்துருவாங்க... அதனால போன அமத்தி... எங்க வச்சாரு?... கருப்பட்டிச் சிப்பத்துக்கு அடியிலயா! அப்ப இத்தன நாளா எந்த போன்ல பேசுதாரு?... பட்டன் போனா! நெசமாவா?... பழைய போனு தண்ணியில விழுந்துட்டுன்னு உங்கிட்டச் சொன்னாராக்கும்... நீயும் நம்பிட்ட... நல்ல குடும்பம்ளா உங்களது. ரெண்டு பேரும் சேந்து ஒருத்தருக்கொருத்தர் ஒளிச்சே செத்துருப்பீங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் படியில் ஏறிவந்த ஆள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். தனக்குத் தெரியும் என்று தங்கைக்குத் தெரிந்தால் அவள் கூனிப்போவாளே என்று, அந்த மனிதர் எல்லாவற்றையும் தானே விழுங்கிக்கொண்டு சரக்கு எடை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“கடைசியா என்னதான் சொன்னாரு?... திரும்பச் சொல்லு... ‘ஏமாந்தது நீ மட்டுமில்லம்மா, நானும்தான்’னாரா...”

கண்ணைத் துப்பட்டாவில் துடைத்தாள். துடைத்த கையோடு, அவளுக்குள் இருந்த வக்கீல் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இரு, இரு, இரு. அந்தப் படம் அண்ணனுக்கு எந்த நம்பர்லருந்து வந்துச்சாம்?... கேட்டியா?... அவன் சொந்த நம்பர்லருந்தா!... கூட எழுதியும் இருக்கானா? என்னன்னு?... ‘அண்ணாச்சி, உங்க தங்கச்சி லட்சணத்தப் பாருங்க’ன்னா... கோட்டிப்பய! மரியாதையா அண்ணாச்சின்னு கூப்பிட்டுல்லா அனுப்பிருக்கான்!... ஏளா, இப்பதான் எனக்கு வெளங்குது. வெக்கத்துல அண்ணாச்சி வெளியவே சொல்ல மாட்டாருன்னு கணக்குப் போட்டு ஆத்திரத்துல அனுப்பிட்டான். பதிலே வரல. பாத்தாரா, பாக்கலையான்னும் தெரியல. அதான் பயம் புடிச்சு, வா அழிப்போம், வா அழிப்போம்ங்கான்... துரும்பு கேட்டோம்லா? தூணே கெடச்சிருக்கு.”

வீதியில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. ஆட்டோ ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, மகளிர் ஸ்டேஷன் என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.

“அண்ணாச்சி கெளம்பிட்டாரா?... கார்லயா. போனு?... அத ஆன் பண்ண வேண்டாம்னு சொல்லு. நெட்டு கெடச்சா அவன் அந்தப் பக்கமிருந்தே அழிச்சாலும் அழிச்சிருவான்... என்ன? வேற என்ன எடுத்தாரு?... அருவாளா! ஏளா, எறக்கி வைக்கச் சொல்லு! பொறவு நான் நேசக்குமார விட்டுட்டு அண்ணாச்சிக்கு ஜாமீன் எடுக்க அலையணும்... பாளை சீவுத அருவாதான்னாலும் வேண்டாம். அந்த போனுதான் இன்னைக்கு அருவா. அத மட்டும் கொண்டு வரட்டும்... அப்பவே எறக்கி வச்சிட்டாரா?... மதினி புடுங்கி வச்சிட்டாங்களா. அவங்க நல்லா இருக்கட்டும்.”

இதற்கு நடுவில் முருகேஸ்வரியின் போனில் இன்னொரு அழைப்பு டொய்ங் டொய்ங் என்று குறுக்கிட்டது.

“யாரு கூப்பிடுதா? அவனா?... எடுக்காத... நேரமாகுதுன்னு தவிச்சுக்கிட்டு இருப்பான். இருக்கட்டுமே, கடக்காத்து ஒடம்புக்கு நல்லது... நீ வண்டியத் திருப்பு. போனப் பைக்குள்ள போடு, கட் பண்ணாத. ஹெல்மெட்டுக்குள்ள சொருகாத. நான் ஆட்டோவுல வந்துக்கிட்டு இருக்கேன்.”

கொஞ்சதூரம் போனதும் ஆட்டோ நின்றது. முன்னால் லாரிகளும் பைக்குகளும் வரிசைகட்டி நின்றன. ரயில்வே கேட் அடைத்திருந்தது. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி, வீட்டுக்குப் போக மனமில்லாத ஆள் மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

“ஹலோ, முருகு... போயிட்டியா?... வாசல்ல நிக்கியா. நான் ரெண்டாங் கேட்டுல மாட்டிக்கிட்டேன்ளா... கொஞ்ச நேரம் அங்கனயே நில்லு, நான் வந்த பொறவு... என்ன? உள்ள போறியா? தனியாவா?... ஏளா, அவசரப்படாத. எப்படிச் சொல்லணும்னு நான் சொல்லித்தாரேன்... ஹலோ?... முருகு?”

தொடர்பு அறுபடவில்லை. போன் அவள் கையிலோ பையிலோ இருந்திருக்கவேண்டும். ஜெபிஷா போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். நாற்காலி இழுபடும் சத்தம். ஒரு பெண் குரல் என்ன ஏது என்று கேட்டது. முருகேஸ்வரி சொல்ல ஆரம்பித்தாள். முதலில் திணறினாள், பிறகு நிதானமானாள். கணக்கு, படங்கள், பீச்சு, அண்ணன் என்று ஒவ்வொன்றாக வந்தது. அப்புறம் அந்தக் கேள்வியும் வந்தது. இத்தனை மாதம் அவளை ஸ்டேஷன் பக்கமே போகவிடாத கேள்வி. அந்தப் படத்தை அவனுக்கு ஏன் அனுப்பினீர்கள்?

கூட்ஸ் வண்டியின் கடகடப்பை மீறி, தோழியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“‘நம்பினேன் மேடம், அனுப்பினேன்’...” என்று ஜெபிஷா தனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். “அவ்வளவுதான்ளா. அவ்வளவேதான்.”

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் பேனா எழுதும் சத்தமா, காகிதம் புரளும் சத்தமா, ஏதோ ஒன்று கேட்டது. திடீரென்று, கேள்வி கேட்ட அந்தப் பெண் குரல் நேராகவே காதில் விழுந்தது.

“ஹலோ?... மேடம்! வணக்கம் மேடம்... அட்வகேட் ஜெபிஷா, மேடம்... ஆமா, எஸ்ஐ செல்வராணி மேடம்தானே, தெரியும் மேடம்... ஆமா மேடம், எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்... தப்புதான் மேடம்... கேட்டுல நிக்கேன் மேடம், கூட்ஸ் வண்டிக்கு வாலே தெரியல... இல்ல மேடம், நான் வந்துதான் சொல்லணும்னு இல்ல... அவளே சொல்லிட்டாளா... சரி மேடம்... எஃப்ஐஆரா மேடம், மனு ரசீது மட்டுமா?... சரி மேடம், சரி மேடம், உங்க வேலைய நீங்க பாருங்க, நான் கேக்கல... பீச்சுக்கா? ஆள் போயாச்சா!... மப்டியிலயா... நல்லது மேடம். அவன் போனு கையிலயேதான் இருக்கும் மேடம், அழிக்கத்தானே கொண்டு வந்துருக்கான்...”

அன்று பொழுது சாய்வதற்குள் நேசக்குமாரும் அவனுடைய போனும் ஒன்றாகவே ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் கள்ளக் கணக்கு அந்தப் போனிலேயே திறந்தபடி கிடந்தது. உடன்குடியிலிருந்து வந்த இன்னொரு போனைச் செந்தூர்பாண்டி துண்டில் சுற்றி, இரண்டு கையாலும் எஸ்ஐ மேசைமேல் வைத்தார். வழக்கு நீளத்தான் போகிறது. கோர்ட்டுப் படி ஏறி இறங்கவேண்டியிருக்கும். நடுவில் சமாதானம் பேச ஆள்களும் வருவார்கள். அதெல்லாம் பிறகு. இப்போது கேட் இன்னும் அடைத்தே கிடந்தது. போன் மறுபடி முருகேஸ்வரி கைக்குப் போயிருந்தது.

“முருகு?... கொரலே வேற மாதிரி இருக்கே... டீ குடிச்சியா? ஸ்டேஷன்லயா! என் கட்சிக்காரங்க யாருக்கும் இதுவர ஒரு வாய் தண்ணிகூடக் கெடச்சதில்ல... சரி, கேளு. கையெழுத்துப் போடுததுக்கு முன்னால முழுசா வாசிச்சுப் பாரு. எஃப்ஐஆர் காப்பி கேட்டு வாங்கு, அது சும்மாவே தரணும். உன் போன வாங்கி வச்சா அதுக்கும் ரசீது கேளு. பொறவு அந்தக் கணக்க எடுக்கச் சொல்லி... என்ன?... நான் பேசினது போதுமா?... மேடம் எழுதும்போது தொணதொணங்கக் கூடாதா? யாரு சொன்னா, மேடமா நீயா?... நீயா!... ஏளா, உனக்காகச் சோத்துலருந்து எந்திரிச்சு வந்தவட்ட... ஹலோ?... ஹலோ?”

ஜெபிஷா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். முருகேஸ்வரி போனை வைத்துவிட்டாள்.

கடைசிப் பெட்டியும் கடந்து போனது. கேட் மெல்ல உயர ஆரம்பித்தது. சுற்றிலும் ஹாரன்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு அலறின. விரட்டிப் போகவா என்பதுபோல ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

“வேண்டாம்ண்ணே,” என்றாள். “மெதுவாவே போங்க. ஒரு அவசரமும் இல்ல.”